மூன்று தலைமுறைக் கணக்கு: இப்னு கல்தூன் மீது ஒரு புகார்

வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பார்வர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கஷ்டப்பட்ட தலைமுறை நாட்டைக் கட்டுமாம், சுகப்பட்ட தலைமுறை அதைக் கெடுக்குமாம், கெட்டபிறகு மறுபடி கஷ்டம் வருமாம். அந்த வாசகம் 2016-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க நாவலில் இருப்பது. ஆனால் நம்ம ஆட்கள் அதற்குக் கீழே "இப்னு கல்தூன், 14-ஆம் நூற்றாண்டு" என்று போட்டு அனுப்புகிறார்கள். அவர் அப்படி ஒரு வரி எழுதவில்லை. அதேசமயம் அந்தப் பெயரைப் போட்டதில் முழு அநியாயமும் இல்லை. அவருடைய "முகத்திமா"வைப் படித்தால் கிட்டத்தட்ட அந்த வாடை அடிக்கத்தான் செய்யும்.

இந்தக் கட்டுரை அந்த வாடையைப் பற்றியதுதான். முகத்திமா எனக்குப் பிடித்த புத்தகம், ரோசென்தாலின் மூன்று பாக ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். பிடித்த புத்தகம் என்பதால்தான் அதன் பேரில் ஒரு புகார் இருக்கிறது. அரசுகள் ஏன் விழுகின்றன என்ற கேள்விக்கு அவர் இரண்டு பதில் வைத்திருக்கிறார். ஒன்று ரொம்ப நல்ல பதில். இன்னொன்று பதிலே இல்லை. உலகம் பிடித்துக்கொண்டது இரண்டாவதை.

ஆள் யார்

1332-இல் தூனிஸில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதில் கறுப்பு மரணம் என்கிற பிளேக்கில் அப்பா அம்மா இருவரையும் இழந்தார். அப்புறம் வாழ்க்கை முழுக்க அரசவை அரசியல்தான். ஃபெஸ், கிரனாடா, பிஜாயா என்று ஊர் ஊராகச் சுல்தான் மாற்றி சுல்தானிடம் வேலை. ஃபெஸில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சிறை. 1364-இல் கிரனாடாவின் தூதராக செவில் நகரம் போய் காஸ்டிலின் கிறிஸ்தவ அரசனைப் பார்த்தார். பாலைவனக் குலங்களைத் திரட்டி ஏதாவது ஒரு சுல்தான் பக்கம் சேர்த்துவிடுகிற வேலையும் செய்திருக்கிறார். கடைசியில் அலுத்துப்போய், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டையில் ஒதுங்கினார். அங்கே 1377-இல் ஐந்தே மாதத்தில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார்.

ஆக, நூலகத்தில் உட்கார்ந்து கற்பனை செய்த ஆள் இல்லை. ஆட்சிகள் கவிழ்வதைக் கிட்ட இருந்து பார்த்தவர். சிலதைக் கவிழ்க்கக் கை கொடுத்தவரும்கூட.

கொள்கை என்ன

அவருடைய சாவிச்சொல் அஸபிய்யா. குலப்பற்று, கூட்டுப்பிணைப்பு, "நம்மாளுக்கு ஒண்ணுன்னா நான் நிப்பேன்" என்கிற உணர்வு, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். பாலைவனத்திலும் மலையிலும் கஷ்டப்பட்டு வாழும் குலத்துக்கு இது அதிகம். அந்தக் குலம் நகரத்தைப் பிடிக்கிறது. முதல் தலைமுறைக்குக் கரடுமுரடு மாறுவதில்லை. இரண்டாம் தலைமுறை நகரத்துச் சுகத்தில் பழகுகிறது, அரசன் அதிகாரத்தைத் தன் சொந்தங்களோடு பங்கு போடாமல் தனியாக வைத்துக்கொள்கிறான். மூன்றாம் தலைமுறைக்கு அஸபிய்யா சுத்தமாக மறந்துபோகிறது. கூலிப்படையும் வாங்கிய அடிமைகளும்தான் காவல். அப்போது வெளியே இருந்து இன்னொரு பசித்த குலம் வருகிறது. ஒரு தலைமுறைக்கு 40 வருஷம், மூன்றுக்கு 120. அதோடு ஆட்டம் முடிந்தது.

இது ஒரு பதில். இன்னொரு பதில் வரி பற்றிய அத்தியாயங்களில் இருக்கிறது. ஆட்சியின் ஆரம்பத்தில் வரிவிகிதம் குறைவு, வசூல் அதிகம். கடைசியில் விகிதம் அதிகம், வசூல் குறைவு. ஏன்? அரண்மனைச் செலவும் படைச் செலவும் கூடுகிறது, வரி ஏறுகிறது, உழைப்பதில் பயனில்லை என்று விவசாயியும் வியாபாரியும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள், வசூல் இறங்குகிறது, அதைச் சரிக்கட்ட மறுபடி வரி ஏறுகிறது. அரசனே வியாபாரத்தில் இறங்கினால் குடிகள் அழிவார்கள் என்றும் தனியாக ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார். 1981-இல் அமெரிக்க அதிபர் ரீகன் பத்திரிகையாளர்களிடம் இப்னு கல்தூன் பெயரைச் சொன்னது இந்த வரி அத்தியாயத்தை வைத்துத்தான்.

கவனியுங்கள், இரண்டும் ஒரே மாதிரி வாதம் இல்லை. வரிக் கணக்கில் ஒரு இயங்குமுறை தெரிகிறது. எது எதைத் தள்ளுகிறது, எங்கே நிறுத்தலாம் என்று கை வைத்துக் காட்டமுடியும். தலைமுறைக் கணக்கில் இருப்பது ஒரு உவமை. ஆட்சிக்கும் மனிதனைப் போல வயதாகும், அவ்வளவுதான்.

அந்த 120 எங்கிருந்து வந்தது தெரியுமா? பல அரசுகளின் ஆயுளைப் பட்டியல் போட்டு எடுத்த சராசரி இல்லை. மனிதனின் இயற்கை ஆயுள் 120 என்று மருத்துவர்களும் ஜோதிடர்களும் சொன்னதாக அவரே எழுதுகிறார். 40 என்பதற்கு ஆதாரம், இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்த 40 வருஷம். இத்தனைக்கும் இதே மனுஷன்தான் புத்தகத்தின் தொடக்கத்தில், மூஸா நபியின் படையில் 6,00,000 பேர் என்று எழுதிய பழைய வரலாற்றாசிரியர்களைப் பிடித்து உலுக்குகிறார். இவ்வளவு பேரை எப்படி அணிவகுப்பாய், எந்த நிலம் சோறு போடும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தன் 120-இடம் அவர் கேட்கவில்லை.

எங்கே பொருந்துகிறது

அவர் வீட்டுப் பக்கத்தில் அருமையாகப் பொருந்துகிறது. ஸஹாராவில் இருந்து கிளம்பிய முராபித்துகள் 11-ஆம் நூற்றாண்டில் மராகேஷ் நகரத்தைக் கட்டினார்கள். 1147-இல் அட்லஸ் மலையில் இருந்து இறங்கிய முவஹ்ஹிதுகள் அதைப் பிடித்தார்கள். 1212-இல் ஸ்பெயினில் பெரிய தோல்வி, 1269-இல் மரீனிகள் மராகேஷைப் பிடிக்கிறார்கள். 1147-க்கும் 1269-க்கும் நடுவே 122 வருஷம். கச்சிதம்! ஒரு பக்கம் வறண்ட மேய்ச்சல் நிலம், இன்னொரு பக்கம் சின்னச் சின்ன நகரங்கள், நடுவே குலப்படைகள் என்ற நிலப்பரப்புக்கு எழுதப்பட்ட மாடல் அது. எழுதிய ஊரில் ஓடுகிறது.

கேள்வி, வேறு ஊரில் ஓடுமா?

பாக்தாத்தில் ஓட்டிப் பார்ப்போம்

அப்பாஸியர்கள் ஆட்சியைப் பிடித்தது ஹிஜ்ரி 132, அதாவது கி.பி. 750 வாக்கில். 132-உடன் 120-ஐக் கூட்டுங்கள். 252. ஹிஜ்ரி 252-இன் முதல் மாதம், கி.பி. 866 ஜனவரி. அப்போது என்ன நடந்தது? பாக்தாத்தில் முற்றுகையில் சிக்கிய கலீஃபா முஸ்தஈன் பதவி விலகினார், துருக்கியப் படைத்தலைவர்கள் நிறுத்திய முஃதஸ் கலீஃபா ஆனார். 861-இல் முதவக்கில் தன் காவல்படை ஆட்களாலேயே கொல்லப்பட்டதில் தொடங்கி 870 வரை, 9 வருஷத்தில் 4 கலீஃபாக்கள் வந்து போன குழப்பத்தின் நட்டநடு அது.

இதைப் பார்க்கும்போது யாருக்கும் புல்லரிக்கும். ஆனால் மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டெஸ்ட் பாஸ் ஆனால் போதாது, சரியான காரணத்துக்காகப் பாஸ் ஆகிறதா என்று பார்க்கவேண்டும். அதைப் பார்த்துவிடுவோம்.

முதலில், 870-க்குப் பிறகு ஆட்சி விழவில்லை. கலீஃபாவின் சகோதரர் முவஃப்பக் படையைக் கையில் எடுத்தார். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலத்தில் 869-இல் வெடித்து, பஸ்ராவையே சூறையாடிய ஸன்ஜ் அடிமைகளின் கிளர்ச்சியை 883-இல் அடக்கினார். அவர் மகன் முஃததித் 892-இல் கலீஃபா ஆனார், தலைநகர் சாமர்ராவில் இருந்து பாக்தாத்துக்குத் திரும்பியது. 905-இல் எகிப்தே திரும்பக் கிடைத்தது. 908-இல் கலீஃபா முக்தஃபீ இறந்தபோது கஜானாவில் 1.5 கோடி தினார் இருந்ததாகச் சொல்கிறார்கள். செத்துப்போன ஆட்சி செய்கிற வேலையா இது?

இப்னு கல்தூனிடம் இதற்குப் பதில் உண்டு. முதுமை வந்த ஆட்சியைக் குணப்படுத்த முடியாது, ஆனால் அணையப்போகும் விளக்குத் திரி ஒருமுறை பிரகாசமாக எரியும் என்கிறார். உவமை அழகுதான். சிக்கல் என்னவென்றால், விழுந்தால் கொள்கை சரி, எழுந்தால் அது திரி. எந்த டேட்டா வந்தாலும் தோற்காத கொள்கை எதையும் விளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, அஸபிய்யா எங்கே? 750-இல் ஆட்சியைப் பிடித்துக் கொடுத்த குராஸான் படை ஒரு ரத்தக் குலம் இல்லை. அரபிகளும் பாரசீகர்களும் கலந்த, ரகசியப் பிரசாரத்தால் திரட்டப்பட்ட படை அது. அந்தப் பிணைப்பு உடைந்தது சுகத்தால் இல்லை. ஹாரூன் அல் ரஷீத் ராஜ்யத்தை மகன்கள் அமீனுக்கும் மஃமூனுக்கும் பாகம் பிரித்து வைத்ததால் 811-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் உடைந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பாக்தாத் முற்றுகை, 813-இல் அமீன் கொலை. பழைய படையை நம்பமுடியாத நிலையில்தான் முஃதஸிம் துருக்கிய அடிமை வீரர்களை வாங்கிச் சேர்த்தார், 836-இல் அவர்களுக்காகவே சாமர்ராவைக் கட்டினார். இது ஒரு முடிவு. வேறு மாதிரியும் எடுத்திருக்கலாம்.

மூன்றாவது, காசு. இந்தப் படைக்குச் சம்பளம் ரொக்கத்தில். ரொக்கம் வந்தது பெரும்பாலும் ஸவாத் எனப்படும் ஈராக்கின் வாய்க்கால் பாசன நிலத்தில் இருந்து. சம்பளம் தாமதமானால் கலீஃபாவின் தலைக்கு ஆபத்து. 869-இல் முஃதஸிடம் படையினர் கேட்டது 50,000 தினார். அவரிடம் இல்லை. அம்மா கபீஹாவிடம் கேட்டார், அவரும் இல்லை என்றார். மகன் பதவியும் உயிரும் போனபிறகு அந்த அம்மாவின் மறைவிடத்தில் பத்து லட்சம் தினாருக்கு மேல் கிடைத்ததாகத் தபரீ எழுதுகிறார்.

இனி 908-க்குப் பிறகு. 13 வயது முக்ததிரைக் கலீஃபா ஆக்கினார்கள், அதிகாரிகளுக்கு வசதியாக இருக்கும் என்று. வஸீர் பதவி பத்து தடவைக்கு மேல் கை மாறியது. இப்னு அல் ஃபுராத் மூன்று முறை வஸீராகி 924-இல் கொல்லப்பட்டார். பதவி போன வஸீரைப் பிடித்துச் சித்திரவதை செய்து சொத்தைக் கறப்பதே ஒரு வருமான வழி ஆகிப்போனது. அலீ இப்னு ஈஸா என்ற நேர்மையான நிர்வாகி ஹிஜ்ரி 306-க்கு ஒரு வரவுசெலவுக் கணக்கு போட்டார், வரவு சுமார் 1.45 கோடி தினார், செலவு அதைத் தாண்டியது. செலவைக் குறைக்கப் பார்த்தார், குறைந்தவர்கள் எல்லாம் சேர்ந்து அவரை வெளியேற்றினார்கள். 936-இல் இப்னு ராயிக் என்ற படைத்தலைவர் "அமீர்களின் அமீர்" ஆனார், கலீஃபா பொம்மை. அடுத்த ஓரிரு வருஷத்தில், எதிரிப் படையை மறிக்க அதே இப்னு ராயிக் நஹ்ரவான் கால்வாயை உடைத்தார். பாக்தாத்துக்குக் கிழக்கே பெரும் நிலப்பரப்புக்குத் தண்ணீர் கொடுத்த கால்வாய் அது. 945-இல் புவைஹியர்கள் உள்ளே வந்தார்கள். கையில் ரொக்கம் இல்லாததால் சம்பளத்துக்குப் பதில் நிலத்தின் வரியையே படையினருக்கு எழுதிக் கொடுத்தார்கள், இதுதான் இக்தா. விளைவு என்ன? அந்தக் காலத்து அரசு அலுவலிலேயே இருந்த மிஸ்கவைஹ் எழுதிவைத்திருக்கிறார். படைவீரன் நிலத்தைச் சுரண்டுவான், வாய்க்காலைத் தூர்வார மாட்டான், நிலம் கெட்டதும் "இது வேணாம், வேற குடு" என்று மாற்றிக்கொள்வான்.

தியாலா ஆற்றுச் சமவெளியில் ராபர்ட் ஆடம்ஸ் செய்து 1965-இல் வெளியிட்ட தொல்லியல் ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. மங்கோலியர் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே அங்கே ஊர்கள் காலியாக ஆரம்பித்துவிட்டன. 1258-இல் ஹுலாகு உடைத்தது ஏற்கெனவே சுருங்கிப்போன பாக்தாத்தை.

இந்தக் கதையில் எந்த இடத்தில் "வயதாகிவிட்டது" தேவைப்படுகிறது? எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஆள், ஒரு முடிவு, ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது. சர்வர் விழுந்தபிறகு எழுதும் அறிக்கையில் "பழைய சிஸ்டம், அதான் விழுந்தது" என்று யாராவது எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம். பழசாவது காரணம் ஆகாது. எது நிரம்பியது, எதை யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்லுங்கள் என்போம். முகத்திமாவின் வரி அத்தியாயம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தலைமுறை அத்தியாயம் "பழைய சிஸ்டம்" என்கிறது.

ஜன்னலுக்கு வெளியே இருந்த எதிர்வாதம்

சரி, பாக்தாத் அவருக்கு 500 வருஷம் முந்தைய கதை. கெய்ரோ அப்படி இல்லையே. 1382-இல் அவர் எகிப்து வந்தார், 1384-இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபின் தலைமை நீதிபதி ஆக்கினார். 1406-இல் இறக்கும்வரை அங்கேதான், நடுவில் 1401-இல் டமாஸ்கஸ் முற்றுகையின்போது மதிலில் இருந்து கயிறு கட்டி இறங்கிப் போய்த் தைமூரைச் சந்தித்தது உட்பட.

அவரைச் சுற்றி இருந்தது மம்லூக் ஆட்சி. 1250-இல் தொடங்கியது, 1260-இல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தோற்கடித்தது, 1517 வரை நீடித்தது. மொத்தம் 267 வருஷம். அதன் அமைப்பைப் பாருங்கள். கருங்கடலுக்கு வடக்கே இருந்தும் காகஸஸ் பக்கம் இருந்தும் சிறுவர்களை அடிமைகளாக வாங்கி, படைக்கொட்டடியில் பயிற்சி கொடுத்து, விடுதலை செய்து வீரர்கள் ஆக்குவார்கள். அவர்களில் மேலே வருபவர் அமீர், சுல்தான். அவர்களுடைய பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்பதால் பொதுவாக அந்தப் படை வரிசையில் சேரமாட்டார்கள். அதாவது இரண்டாம் தலைமுறையே கிடையாது! கலாவூன் குடும்பம் 1279 முதல் 1382 வரை பெரும்பாலும் அரியணையில் இருந்தது உண்மைதான். ஆனால் அதிலும் பிற்காலச் சிறுவன் சுல்தான்கள் பலருக்குப் பின்னால் ஆண்டது வாங்கி வளர்க்கப்பட்ட அமீர்கள்தான்.

இப்னு கல்தூன் இதைப் பார்க்காமல் இல்லை. தன் பெரிய வரலாற்றில் இந்த முறையை இறைவனின் அருள் என்றே புகழ்கிறார், புதுரத்தம் வந்துகொண்டே இருக்கிறது என்கிறார். ரத்த உறவு இல்லாத எஜமான் - அடிமை பிணைப்பிலும் அஸபிய்யா வரும் என்று முகத்திமாவிலேயே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதன் விளைவைப் பின்தொடரவில்லை. அஸபிய்யாவை ஒரு கொட்டடியில் தயாரிக்கமுடியும், தலைமுறைக்குத் தலைமுறை புதுப்பிக்கமுடியும் என்றால் அது பாலைவனம் கொடுக்கும் வரம் இல்லை, ஒரு அமைப்பு. அமைப்பு என்றால் கடிகாரம் இல்லை. கெடுவதற்குக் காரணம் உண்டு, ரிப்பேருக்கும் வழி உண்டு. கெய்ரோவில் இருந்த 20-க்கும் மேற்பட்ட வருஷங்களில் அவர் முகத்திமாவைத் திருத்திக்கொண்டேதான் இருந்தார். மூன்று தலைமுறைக் கணக்கு மட்டும் அப்படியே நின்றது. என் புகாரின் மையம் இதுதான்.

மாணவர் கேட்ட கேள்வி

அவருடைய வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் மக்ரீஸி. 1403-இல் நைல் நீர் குறைந்து எகிப்தில் பஞ்சமும் விலைவாசியும் தலைவிரித்து ஆடின. மக்ரீஸி கெய்ரோவின் சந்தை மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர், விலை என்றால் என்ன என்று தெரிந்தவர். 1405 வாக்கில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆட்சிக்கு வயதாகிவிட்டது என்று அதில் முடிக்கவில்லை. மூன்று காரணம் சொன்னார். ஒன்று, லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது. போட்ட காசை எடுக்க அவன் குடிகளைப் பிழிகிறான். இரண்டு, நிலக் குத்தகை ஏறியது. மூன்று, செப்புக் காசை அளவில்லாமல் அடித்துவிட்டது. தங்கமும் வெள்ளியுமே நாணயமாக இருக்கட்டும் என்று மருந்தும் சொன்னார். மருந்து சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதம் செய்யலாம். வாதம் செய்யமுடிகிறது என்பதுதான் விஷயம். நடந்தது இறைவனின் தண்டனையோ இயற்கையின் விதியோ இல்லை, ஆள்பவர்களின் கெட்ட நிர்வாகம் என்று அவர் நேராக எழுதினார். குருவின் வரி அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தை விட்டுவிட்டார் என்று நான் வாசிக்கிறேன்.

ஒட்டோமன் வரலாற்றாசிரியர் நஈமாவும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டினார். இப்னு கல்தூனின் கட்டங்களை ஏற்றுக்கொண்டு, ஆனால் முதுமையைத் தள்ளிப்போடலாம் என்று வாதிட்டார். 1699 கார்லோவிட்ஸ் சமாதானம் போன்ற ஓய்வு கிடைத்தால் அரசு தேறும் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகும் ஒட்டோமன் ஆட்சி 200 வருஷத்துக்கு மேல் இருந்தது. திரி ரொம்ப நீளம் போல!

ஏன் இது முக்கியம்

இது வெறும் பழைய புத்தகச் சண்டை என்று நினைக்காதீர்கள். வீழ்ச்சி ஒரு வயதுக்கோளாறு என்று ஒத்துக்கொண்டால் எல்லோருக்கும் விடுதலை. கால்வாயை உடைத்த இப்னு ராயிக் தப்பித்தார், பணத்தைப் பதுக்கிய கபீஹா தப்பித்தார், 13 வயதுப் பையனை அரியணையில் உட்காரவைத்தவர்கள் தப்பித்தார்கள். வெளியே இருந்து வந்து பிடித்தவனுக்கும் நல்ல சாக்கு, "நாங்க வரலைன்னாலும் விழுந்திருக்கும்". அதோடு பழி சுகப்பட்ட மக்கள் தலையில் விழுகிறது. பார்வர்டு செய்கிறவர்களுக்கு இதுதான் இனிக்கிறது. இந்தத் தலைமுறை சோம்பேறி, அதனால்தான் எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஸவாத்தின் விவசாயி சுகத்தில் கெடவில்லை. வரி ஏறியது, வாய்க்கால் தூர்ந்தது, அவன் ஊரைவிட்டுப் போனான்.

முகத்திமாவைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் படியுங்கள். பர்மகீ குடும்பம் 803-இல் ஏன் விழுந்தது என்ற இடத்தைப் படியுங்கள். அரண்மனைக் காதல் கதையை அவர் தூக்கி எறிந்துவிட்டு, வரிப்பணமும் அதிகாரமும் அவர்கள் கையில் குவிந்ததுதான் காரணம் என்று காட்டுவார். அநீதி நாகரிகத்தை எப்படி அழிக்கும் என்ற அத்தியாயத்தையும், அரசன் வியாபாரம் செய்வது பற்றிய அத்தியாயத்தையும் படியுங்கள். அங்கே எல்லாம் அவர் ஒரு வரலாற்றாசிரியர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்கிறார்: பணம் எங்கிருந்து வந்தது, யாரிடம் போனது, யார் வேலையை நிறுத்தினார்கள்?

மூன்று தலைமுறை அத்தியாயம் வரும்போதும் அதே கேள்வியை அவரிடமே கேளுங்கள். 6,00,000 பேர் என்ற எண்ணை அவர் எப்படி விசாரித்தாரோ அதே மாதிரி 120-ஐ விசாரியுங்கள். அவர் கற்றுக்கொடுத்த முறைதான் அது.